ஆறாம் படியில் ஒரு டீ

பாடம் எண் 4417-இன் ஆறாம் படி இப்படி இருந்தது: "டீ குடித்துவிட்டு வரவும்."

ஜெசிந்தா அதை நாலாவது தடவையாகப் படித்தாள். பாடத்தின் தலைப்பு "அம்மோனியா குளிர்பதன எந்திரத்தில் எண்ணெய் வடித்தல்". ஐந்தாம் படி, எந்திரத்தின் எண்ணெய் வந்து சேரும் இரும்புப் பானையின் ஆவிக் குழாய் வால்வைத் திறக்கச் சொன்னது. ஏழாம் படி அதே வால்வை மூடச் சொன்னது. எட்டாம் படி, அடியில் உள்ள வடிகால் வால்வை மெதுவாகத் திறந்து எண்ணெயை வாளியில் பிடிக்கச் சொன்னது. இவற்றுக்கு நடுவில், எந்தக் கூச்சமும் இல்லாமல், ஒரு டீ.

அவள் பொதுப் பாடக் களஞ்சியத்தின் தூத்துக்குடி அலுவலகத்தில் பொருத்துநராக இருந்தாள். வாசலில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு மாதம் ஒருவராவது குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட வருவார். அவள் பொருத்தியது பாடங்களை. களஞ்சியத்தில் உள்ள எந்தப் பாடத்தையும் யாரும் எடுக்கலாம், யாரும் மாற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நாகப்பட்டினத்துக்காரர் எழுதிய பம்புசெட் பாடம் ராய்ச்சூருக்குப் போக வேண்டுமென்றால் மொழி மாற வேண்டும், அளவுகள் மாற வேண்டும், உதாரணத்தில் வரும் வாய்க்கால் அந்த ஊரில் இல்லையென்றால் அதுவும் மாற வேண்டும். முன்பு இதை ஆட்கள் செய்தார்கள். ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறகு இணக்கி என்ற எந்திரம் வந்தது. அதற்கு நாலு வினாடி போதும். தொழிற்பயிற்சிக் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது யாரும் பெரிதாகக் கவலைப்படாததற்குக் காரணம் இதுதான். காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு வேலை செய்யும் இடத்திலேயே நின்றால், பாடம் அந்த ஊர்ப் பேச்சில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுக்கும்.

ஜெசிந்தாவின் மேஜையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று ஐஸ் உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து. இம்மாதம் மூன்றாம் தேதி தெற்கு ஐஸ் கம்பெனியில் எந்திர இயக்குநர் தனிஸ்லாஸ் என்பவர், எண்ணெய் வடிக்கும் வேலையைப் பாதியில் விட்டு டீ குடிக்கப் போனதாகவும், திரும்பி வந்து வடிகாலைத் திறந்தபோது அம்மோனியா பீறிட்டு அவரது வலது கண் போனதாகவும், இத்தகைய ஒழுங்கீனத்துக்கு இடம் கொடுக்கும் ஆறாம் படியை உடனே நீக்குமாறும் அது கேட்டது. இன்னொன்று தொழிலாளர் சங்கத்திலிருந்து. ஆறாம் படி தொழிலாளியின் உரிமை என்றும், அதில் கை வைத்தால் துறைமுகம் முழுவதும் வேலை நிற்கும் என்றும் அது சொன்னது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு விசாரணை. அங்கே அவள் நீக்கலாம் என்று கையெழுத்திட்டால், அடுத்த நாலு வினாடியில் அந்தப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும் அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்களிலும் ஆறாம் படி மறைந்துவிடும். எது எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது என்பது ஜெசிந்தாவின் கொள்கை. சின்ன வயதில் வீட்டு மிக்ஸியைக் கழற்றிப் பெற்ற கொள்கை அது.

அவள் இணக்கியிடம் கேட்டாள்.

"4417-இல் ஆறாம் படி எதற்கு?"

"பணியாளரின் உடலில் நீர்ச்சத்து குறையாமல் இருப்பதற்கு" என்றது இணக்கி.

அரை மணி கழித்து இன்னொரு முறை கேட்டாள்.

"சக ஊழியர்களிடையே நல்லுறவை வளர்ப்பதற்கு."

"முதலில் வேறு சொன்னாய்."

"இரண்டுமே பொருத்தமான காரணங்கள். உங்களுக்கு எது தேவைப்படுகிறது?"

மற்ற இடங்களில் ஆறாம் படி எப்படி இருக்கிறது என்று பட்டியல் எடுத்தாள். மலப்புறத்தில் "ஒரு சாயா". நார்வேயில் ஒரு மீன் கிடங்கில் "காபியும் ஒரு பிஸ்கட்டும்". மாலத்தீவில் ரமலான் முதல் நாள் ஆறாம் படி தானாகவே மறைந்து, பெருநாள் பிறை தெரிந்ததும் திரும்பி வந்திருந்தது. கோயம்புத்தூரில் டீ எந்திரம் வைத்திருந்த ஒரு கிடங்கில் அது இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆறு அ: கோப்பையை வைக்கவும். ஆறு ஆ: பச்சைப் பொத்தானை அழுத்தவும்.

மேலாளர் கோமதிநாயகம் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு. அந்த ஒரு வருடத்தைச் சத்தமில்லாமல் கடந்துவிட விரும்பினார்.

"என்னம்மா, ஒரு டீயத் தூக்கிப் போட மூணு நாளா?"

"எதுக்கு வச்சிருக்குன்னு தெரியாம எப்படி சார் தூக்க?"

"தெரியாததுனாலதான தூக்கச் சொல்லுதாங்க."

"பாடத்தோட பழைய வால் இருந்துச்சுன்னா யார் எப்ப சேத்தாங்கன்னு பாத்திருக்கலாம்."

"வால வெட்டணும்னு மேடையேறிப் பேசுனது யாரு?"

"நான்தான்" என்றாள் ஜெசிந்தா.

அது உண்மை. முன்பு ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் அதை மாற்றிய எல்லோருடைய பெயரும் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டு பக்கப் பாடத்துக்குப் பதினோரு பக்கப் பெயர்ப்பட்டியல். அவ்வளவையும் சேர்த்து அச்சடித்தால்தான் சட்டப்படி பயன்படுத்தலாம் என்று விதி. ஆசிரியர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பாடத்தையே மூடிவிடுவார்கள். வாலை வெட்டிய பிறகு பாடங்களின் பயன்பாடு ஒரே ஆண்டில் ஒன்பது மடங்கானது.

"இருந்தாலும் பெயர்தான சார் இருந்திருக்கும்" என்றாள் யோசித்துக்கொண்டே. "எதுக்குன்னு அதுலயும் இருந்திருக்காது."

"அப்புறம் என்ன. கையெழுத்தப் போடு."

கையெழுத்துப் போடாமல் அவள் திரேஸ்புரத்துக்குப் போனாள்.

தனிஸ்லாஸ் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வலது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. இருபத்தொன்பது வயது. அவன் மனைவி ரெஜினா ஜெசிந்தாவுக்கு உட்கார ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வந்திருப்பவள் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியும்வரை நகரப்போவதில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"டீ குடிக்கப் போனது நெசமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஆமாக்கா. பாடம் சொல்லிச்சு. போனேன்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம் இருக்கும். கேட்டுப் பக்கத்துலதான் கடை. வேலையில இருக்கும்போது நான் எங்கயும் நின்னு பேச மாட்டேன்."

"வீட்டுல ஒரு கிளாஸ் டீய ஒரு மணி நேரம் வச்சுக் குடிப்பாரு" என்றாள் ரெஜினா. "அன்னைக்குப் பாத்து அவருக்கு அவசரம்."

"ஏட்டி, சும்மா இரு."

"திரும்பி வந்ததும் பாடம் என்ன கேட்டுச்சு?"

"குடிச்சாச்சான்னு கேட்டுச்சு. குடிச்சாச்சுன்னேன். ஏழாம் படின்னு சொல்லிச்சு. ஏழு முடிச்சேன். எட்டுல திறந்தேன்." அவன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். "அக்கா, நான் ஒரு படியையும் தாண்டல. வேலைய விட்டுட்டுப் போனேன்னு எழுதிட்டாங்கன்னா லைசன்ஸ் போயிரும். நஷ்டஈடும் கிடையாதாம். பாடம் சொன்னதத்தான செஞ்சேன்னு சொன்னா, பாடம் டீ குடிக்கச் சொன்னா வேலைய விட்டுட்டுப் போயிருவியாலேன்னு சிரிக்காங்க."

"பானை எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"பாக்கதுக்கு."

"வெள்ளையா இருந்துச்சு. பஞ்சு ஒட்டுன மாதிரி. பனி."

"டீ குடிச்சிட்டு வந்த பெறவு?"

தனிஸ்லாஸ் ஒற்றைக் கண்ணால் தெருவைப் பார்த்தபடி யோசித்தான். "அப்பவும் வெள்ளைதான். ஆனா பானை கலரப் பத்திப் பாடத்துல ஒண்ணும் கிடையாதேக்கா."

"கிடையாது" என்றாள் ஜெசிந்தா.

தெற்கு ஐஸ் கம்பெனியின் கேட்டை ஒட்டி கஸ்பார் டீக்கடை இருந்தது. அவள் ஒரு டீ வாங்கினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தாள். சூடு ஆறுவதையும் சேர்த்து மூன்றரை நிமிடம். கேட்டிலிருந்து எந்திர அறைக்கு நடக்க இருபத்தைந்து வினாடி.

"டீ சரியில்லையா?" என்றார் கஸ்பார். "வாட்ச்சப் பாத்துப் பாத்துக் குடிக்க."

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆயில் வடிக்கும்போது இங்க வந்து டீ குடிக்காங்களே, அது எப்ப இருந்து?"

"அது ரொம்ப காலமா உண்டு. கடை அங்க இருக்கும்போதே வருவானுவ."

"எங்க?"

"பழைய கலங்கரை விளக்குப் பக்கம்லா கடை இருந்துச்சு. துறைமுகத்த அகலப்படுத்துனப்பதான் இங்க வந்தேன். நாலு வருஷம் ஆச்சு." அவர் பாலை ஆற்றினார். "அங்க வரணும்னா போக இருபது நிமிஷம், திரும்பி வர இருபது நிமிஷம். வெயிலுல நடந்துதான் வருவானுவ. பானை வெள்ளையா கிடக்கு அண்ணாச்சி, திரும்பிப் போகும்போது வேர்த்து நிக்கும்னு சொல்லுவானுவ. வேர்த்துச்சுன்னாத்தான் திறக்கணுமாம்."

ஜெசிந்தா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?"

"அந்தப் பானையில எண்ணெய் மட்டும் வரலண்ணாச்சி. எண்ணெய்க்குக் கனம் ஜாஸ்தி, அதனால எந்திரத்துல அடியில போய்த் தங்குது. அதப் பானைக்கு இறக்கும்போது கூடவே கொஞ்சம் அம்மோனியாவும் திரவமா வந்திருது. அது கொதிக்கதுக்கு அடுப்பு வேண்டாம். சைபருக்குக் கீழ முப்பத்து மூணு டிகிரியிலயே கொதிச்சிரும். நம்ம ஊரு காத்தே அதுக்குப் பெரிய அடுப்பு. கொதிக்கதுக்கு வேண்டிய சூட்டப் பானையில இருந்து உறிஞ்சுது. அதனால பானை வெளிய பனி பூக்குது. கடைசிச் சொட்டு ஆவியாகிப் போற வரைக்கும் பானை வெள்ளையாத்தான் இருக்கும். தீந்ததும் பானை சூடாகும், பனி உருகும், வேர்க்கும்." அவள் மூச்சு விட்டாள். இப்படி ஒன்று புரியும்போது அவளுக்கு ஏற்படும் சந்தோஷம் வழக்கம்போல முதலில் வந்துவிட்டது. அதற்குரிய வெட்கம் பின்னால்தான் வந்தது. "பானை வெள்ளையா இருந்தா உள்ள இன்னும் இருக்குன்னு அர்த்தம். அதத் திறந்தா மூஞ்சியில அடிக்கும்."

"இது எனக்கே தெரியுமே" என்றார் கஸ்பார். "நான் டீ போடுதவன்."

"அந்தப் பையனுக்குத் தெரியல."

"பாடத்துல இருக்காதா?"

"நாப்பது நிமிஷம் காத்திருக்கணும். பாடத்துல டீன்னு இருக்கு. டீக்கு அப்ப நாப்பது நிமிஷம் ஆச்சு. உங்க கடை இங்க வந்ததும் நாலு நிமிஷமாயிருச்சு. பாடத்துல ஒரு எழுத்துகூட மாறல."

கஸ்பார் தன் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, "நாலு வருஷமா மத்தவனுவளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார்.

"பழைய ஆட்களுக்குப் பழக்கத்துல தெரியும். பானை வேர்க்காமத் திறக்க மாட்டாங்க. தனிஸ்லாஸ் பாடத்துல படிச்சு வந்தவன்." அவள் தலையை அசைத்தாள். "எந்தக் கூறுகெட்டவன் நாப்பது நிமிஷத்த டீன்னு எழுதுனானோ."

"எழுதுனது பொம்பளப் பிள்ளையில்லா" என்றார் கஸ்பார். "செவப்பு ஸ்கூட்டர்ல வந்து நோட்டுல எழுதிட்டுப் போனியே. ஆப்பரேட்டர்மாரு எல்லாரையும் உக்கார வச்சு, இந்த நாப்பது நிமிஷமும் என்ன செய்வீங்கன்னு கேட்ட. டீ குடிக்க வருவோம்னாங்க. நீயும் ரெண்டு டீ குடிச்ச. மறந்துட்டியா?"

ஜெசிந்தா மறந்துதான் போயிருந்தாள். களஞ்சியம் தொடங்கிய முதல் வருடம் அது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பாடங்கள் பொருத்தியிருந்தாள். அவற்றின் எண்கள்கூட நினைவில் இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, அலமாரிக்குப் பின்னால் இருந்த சட்டமிட்ட சான்றிதழை எடுத்துத் தூசி தட்டினாள். "ஆண்டின் சிறந்த பொருத்தம். பாடம் 4417. எளிமை மதிப்பெண் 61-லிருந்து 94."

இப்போது நினைவு வந்தது. மூலத்தில் இருந்த வரி: "பானையின் வெளிப்புறப் பனி முழுவதும் உருகும்வரை, ஏறத்தாழ நாற்பது நிமிடம், காத்திருக்கவும்." கற்பவர்கள் அந்த வரியில்தான் தடுக்கி விழுந்தார்கள். பாதிப் பேர் தேர்வில் அதைத் தவறாக எழுதினார்கள். மீதிப் பேர் சரியாக எழுதிவிட்டு, வேலையின்போது சும்மா நிற்கச் சலித்துப்போய்ப் பத்து நிமிடத்தில் திறக்கப் போனார்கள். மனிதனைச் சும்மா நிற்கச் சொன்னால் நிற்க மாட்டான், ஒரு வேலை கொடுத்தால் செய்வான் என்று அவள் கண்டுபிடித்தாள். டீயைப் போட்டதும் ஒருவர்கூட முன்னதாகத் திறக்கவில்லை. அந்த ஊரில், அந்த ஆண்டில், அதைவிடச் சரியான பாடம் இருந்திருக்க முடியாது. மதிப்பெண் அவ்வளவு நன்றாக இருந்ததால், அதற்குப் பிறகு எல்லா ஊருக்கும் இணக்கி மூலத்தை விட்டுவிட்டு அதையே எடுத்துப் போனது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அலுவலகத்தின் கூட்ட அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பாதுகாப்பு ஆய்வாளர் ஓர் அம்மாள், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். தெற்கு ஐஸ் கம்பெனி உரிமையாளர் லூர்து மோத்தா முன்வரிசையில். தனிஸ்லாஸும் ரெஜினாவும் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி. கோமதிநாயகம் ஜன்னலோரம்.

"பாடத்தின் பொருத்துநர் நீங்களா?" என்று கேட்டார் ஆய்வாளர். "ஆறாம் படியை நீக்கலாமா, கூடாதா?"

"நீக்குனா அறுநூத்துப் பன்னெண்டு இடத்துலயும் அஞ்சுக்குப் பெறவு நேரா ஏழுக்குப் போவாங்க மேடம். இப்ப மூணு நிமிஷமாவது நிக்காங்க. அதுவும் போயிரும்."

அவள் பானையையும் பனியையும் விளக்கினாள். ஆய்வாளருக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆனாலும் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்படியானால் ஆறாம் படி காத்திருப்பதற்காக வந்தது. அதைத் தேநீர் என்று மாற்றியது இணக்கியா?"

கோமதிநாயகம் இருமினார். அது உண்மையான இருமல் அல்ல. இணக்கி என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. எந்திரத்துக்கு ஓய்வூதியம் இல்லை.

"இல்ல மேடம்" என்றாள் ஜெசிந்தா. "அந்த டீய எழுதுனது நான்." சான்றிதழை மேஜைமேல் வைத்தாள். "தனிஸ்லாஸ் வேலைய விட்டுட்டுப் போகல. நான் எழுதுனத எழுதுனபடியே செஞ்சிருக்காரு."

ரெஜினா கணவன் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில், "அந்த அக்காவா எழுதுனா?" என்றாள். "நம்ம வீட்டுல ஸ்டூலப் போட்டு உக்கார வச்சமே."

"இதுக்கு ஏன் இம்புட்டு நேரம்" என்றார் லூர்து மோத்தா. "டீய எடுத்துட்டு நாப்பது நிமிஷம்னு போடுங்க. முடிஞ்சது."

"இங்க நாப்பது போதும் அண்ணாச்சி. குன்னூர் மாதிரி இடத்துல காத்தே குளிரு. அங்க போதாது."

"அப்ப பனி உருகுற வரைன்னு போடுங்க."

"அதுதான் முதல்ல இருந்துச்சு. எளிமையா இல்லன்னு நான்தான் எடுத்தேன். இப்பத் திருப்பிப் போட்டா பத்து வருஷம் கழிச்சு இன்னொருத்தி வந்து எடுப்பா. அவளுக்கும் ஒரு சான்றிதழ் குடுப்பாங்க."

"யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டால்?" என்றார் ஆய்வாளர்.

"பூட்டுனா பாடம் இந்த ஊர விட்டு நகராது மேடம். வேற ஊருக்காரங்க என்ன செய்வாங்க, பாடமே இல்லாம வால்வத் திறப்பாங்க. மாத்தட்டும். மாத்துறதுல தப்பு ஒண்ணுமில்ல. நான் என்ன மாத்துனேன்னு பாத்தீங்கன்னா, சொன்ன விதத்த மாத்துனேன். அதோட சேந்து எதுக்காகச் சொன்னாங்கங்கறதும் போயிருச்சு. ரெண்டும் ஒரே வரியில இருந்ததுதான் வினை. ரெண்டையும் தனித்தனியா வைக்கணும். படி ஒண்ணு, அதுக்குக் கீழ காரணம் ஒண்ணு."

ஆய்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். தனிஸ்லாஸ்மேல் தவறில்லை என்று பிற்பகல் தீர்ப்பெழுதினார். நஷ்டஈடு கிடைத்தது. லைசன்ஸ் கிடைக்கவில்லை. எந்திர இயக்குநருக்கு இரண்டு கண்களும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு என்ன காரணம் என்று ஜெசிந்தா கேட்டாள். காரணம் இருந்தது. நியாயமான காரணமும்கூட.

அவளுக்கும் தண்டனை உண்டு. பொருத்துநர் பதவியிலிருந்து அவளை எடுத்துவிட்டு, களஞ்சியத்தில் உள்ள படிகளுக்கெல்லாம் காரணம் தேடும் பிரிவில் போட்டார்கள். மொத்தம் அறுபத்தொரு லட்சம் படிகள். அது அவளுக்குப் பிடித்த வேலையா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

முதல் நாள் இணக்கி உதவிக்கு வந்தது. அறுபத்தொரு லட்சம் காரணங்களையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்தது. எல்லாம் அழகாக இருந்தன. 4417-இன் ஆறாம் படிக்கு "நீர்ச்சத்து" என்று எழுதியிருந்தது. ஜெசிந்தா அத்தனையையும் அழித்துவிட்டு ஒரு விதி போட்டாள்: அந்தப் படி தவறினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர்தான் காரணம் எழுத வேண்டும், பெயரோடு. காரணம் இல்லாத படி ஊர் தாண்டாது.

விளைவுகள் உடனே தெரிந்தன. நாலு வினாடியில் போன பாடத்துக்கு இப்போது நாலு நாள் ஆனது. பல பாடங்கள் நகரவே இல்லை. மண் பரிசோதனைப் பாடம் ஒன்றில் சல்லடையை மூன்று முறை தட்டச் சொல்லும் படிக்கு இன்றுவரை ஒருவராலும் காரணம் சொல்ல முடியவில்லை. களஞ்சியத்தின் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. மேலிடத்திலிருந்து கோமதிநாயகத்துக்கு மூன்று கடிதங்கள் வந்தன. அவர் அவற்றை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டு, "இதுக்கும் காரணம் எழுதி அனுப்பிரு" என்றார்.

4417-க்குக் காரணம் எழுதத் தனிஸ்லாஸை அவளே கூப்பிட்டாள். அவன் வரச் சம்மதித்ததற்கு ரெஜினாதான் பொறுப்பு என்று பின்னால் தெரிந்தது. கண்ணில் இருந்த கட்டை அவிழ்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள்.

"கோவமா இருக்கா தனிஸ்லாஸ்?" என்று நடுவில் கேட்டாள்.

"இருக்குக்கா" என்றான். "அடுத்த வரி எழுதுங்க."

இரண்டு வாரம் கழித்து, குன்னூரில் ஒரு காய்கறிக் கிடங்கு 4417-ஐக் கேட்டது. இணக்கி பாடத்தை எடுத்துப் போய், மொழியையும் அளவுகளையும் மாற்றி, ஆறாம் படியில் நின்றுகொண்டது. காரணத்தைக் காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டது. மூன்று நாள் பதில் இல்லை. மூன்று நாளும் அது அங்கேயே நின்றது. நாலாம் நாள், சுகந்தி என்ற இயக்குநர் பதில் எழுதினார். இங்கே பனி தானாக உருக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் பானைமேல் குழாய்த் தண்ணீர் ஊற்றுவோம், ஊற்றுவதை நிறுத்திய பிறகு கால் மணி நேரம் பார்ப்போம், மறுபடி பனி பூத்தால் உள்ளே இன்னும் இருக்கிறது, பூக்கவில்லை என்றால் தீர்ந்துவிட்டது.

ஜெசிந்தா அதைக் காரணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தனிஸ்லாஸுக்குப் போன் செய்து படித்துக் காட்டினாள். அவன் சரி என்றான். குன்னூர்ப் பாடத்தில் ஆறாம் படி சுகந்தி சொன்னபடி மாறியது. அதற்குக் கீழே, எந்த ஊரிலும் மாறாதபடி, இது இருந்தது:

"காரணம்: பானையில் எண்ணெயோடு திரவ அம்மோனியாவும் இருக்கும். அது முழுவதும் ஆவியாகிப் போகும் முன் வடிகாலைத் திறந்தால் முகத்தில் பீறிடும். பானைக்கு வெளியே பனி இருக்கும்வரை உள்ளே அம்மோனியா இருக்கிறது. இந்தப் படியை யாரும் மாற்றலாம். மாற்றுபவர், உள்ளே அம்மோனியா தீர்ந்துவிட்டது என்று தன் ஊரில் எப்படித் தெரிந்துகொள்வார் என்பதை முதலில் எழுத வேண்டும். எழுதியவர்: தனிஸ்லாஸ், தூத்துக்குடி. ஒருமுறை முன்னதாகத் திறந்தவர்."